வலது பக்கத்தில் வயலட்

நான் பண்ணினது ஜெபமில்லை, செய்தி வாசிப்பு என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் என் மகள் பெனிட்டாதான், ஆண்டவரே. போன வருஷம் இதே டிசம்பர் இருபத்தாறாம் தேதி, இதே மொட்டை மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நீ ஜெபம் பண்ணலம்மா. நியூஸ் வாசிச்ச." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் நின்றேன். உமக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் முறை வர இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், சும்மா இருந்தால் மனசு அந்த இடத்துக்கேதான் போகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாங்கள் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் நாகர்கோவிலில் ஜெபசிங் அண்ணன் வீட்டில் கூடுகிறோம். அவர் பெரியப்பா மகன், எங்களில் மூத்தவர். மத்தியானம் பிரியாணி, நாலு மணிக்கு மாடியில் சங்கிலி ஜெபம், பிறகு டீ, பிறகு அவரவர் பஸ், ரயில். சங்கிலி ஜெபம் எங்கள் வீட்டு வழக்கம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தரும் தன் வலது கைப்பக்கம் இருக்கிறவருக்காக ஜெபிக்க வேண்டும். முடிந்ததும் அவர் தன் வலது பக்கத்துக்காரருக்கு. நடுவில் யாராவது எழுந்து போனால் சங்கிலி அறக்கூடாது, அதற்கடுத்தவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது அண்ணன் ஆரம்பித்துவிட்டார். இம்மட்டும் காத்துவந்தீர், ஸ்தோத்திரம், என்கிறார். அவர் குரல் இந்த வருஷம் கொஞ்சம் கம்மிவிட்டது. வெயில் மூடிய இமைக்குள் ஆரஞ்சாக நிற்கிறது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் போடுகிறது. எனக்கு வலது பக்கம் அண்ணன் பெண்ஜாதி ஹெலன் மதினி இருக்கிறாள். மதினிக்கு அந்தப் பக்கம் வயலட்.

வயலட் என் சித்தப்பா மகள். எனக்கு அவள் நாலு மாசம் இளையவள். அறுபது வருஷமாக இந்த வட்டத்தில் என் வலது பக்கம் அவள்தான். யாரும் சொல்லி வைத்ததில்லை, வந்து உட்கார்ந்துவிடுவாள். இன்றைக்கு நடுவில் ஒரு மதினியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். உட்காரும்போது பார்த்தேன், முதலில் என் பக்கத்து நாற்காலியின் முதுகில்தான் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "மதினி, நீங்க இங்க இருங்க, அங்க உங்களுக்கு வெயில் அடிக்கும்" என்றாள். மதினி இருந்த இடத்தில் வெயிலே இல்லை. போன வருஷம் இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் கீழே அடுக்களையில் நாங்கள் இரண்டு பேரும் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தோம். அவள் பயறு உருண்டையை மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் விடுவாள், நான் கண்ணகப்பையால் திருப்பி எடுப்பேன். எண்ணெய்ச் சத்தத்துக்குள்ளே அவள் சொன்னாள். "ஷெரின் அங்க இல்ல லில்லி. மூணு மாசமாச்சு. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல நிக்கா." ஷெரின் அவளுடைய ஒரே மகள், கல்யாணமாகி இரண்டு வருஷம், அந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். "அடிச்சானாட்டி?" என்று கேட்டேன். "கேக்காத" என்றாள். ஒரு கொத்து கருகிப்போனது. அதை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, "யார்ட்டயும் சொல்லாத. அண்ணன்ட்ட கூட" என்றாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். என் கையில் மாவு இருந்தது, அவள் ரவிக்கையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தது. இருபத்துநாலு மணி நேரம் ஆகவில்லை, ஆண்டவரே. மறுநாள் நாலு மணிக்கு இங்கே கண்ணை மூடினேன், வயலட்டுக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன், கண்ணீர் வந்தது, கண்ணீர் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது, வியாழக்கிழமை உபவாச ஜெபத்தில் பழகின வாய். கணவனைவிட்டுப் பிரிந்து விடுதியிலே தனிமையாய் வாடுகிற எங்கள் அருமை மகள் ஷெரினை உம்முடைய கரத்தில், என்று சொல்லிவிட்டேன். கரத்தில் என்பதோடு நின்றுவிட்டது. ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. எத்தனையோ கண்கள் திறந்தது எனக்குக் கண் மூடியிருக்கும்போதே தெரிந்தது. வயலட் எழுந்திருக்கவில்லை. தன் முறை வந்ததும் அடுத்தவருக்காக மூன்று வரி ஒழுங்காக ஜெபித்தாள். அன்றைக்குத்தான் கடைசி. பிறகு ஒரு வருஷமாக என் போனை எடுக்கவில்லை.

யாரோ ஆமென் சொல்கிறார்கள். ஒருத்தர் முறை கழிந்துவிட்டது. அண்ணனின் இரண்டாவது மகன் ஜெபிக்கிறான், வேகமாக, பஸ்ஸுக்கு நேரமான மாதிரி. காலையில் வயலட் வந்தபோது நான் வாசலில்தான் நின்றேன். முன்னெல்லாம் இருபத்துநாலாம் தேதியே வந்து மூன்று நாள் தங்குவாள். இப்போது கோயம்புத்தூரில் மகளோடு வீடெடுத்து இருக்கிறாள், இந்தத் தடவை காலையில் வந்து சாயங்காலம் ரயில். ஆட்டோவிலிருந்து முதலில் ஷெரின் இறங்கினாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள், நன்றாக இருந்தது. பெனிட்டா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, "லேட்டு, மக்கா, அப்பம் எல்லாம் தீந்துட்டு" என்றாள். "நீ தின்னிருப்ப" என்றாள் இவள். பிறகு வயலட் இறங்கினாள். இடது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில். முட்டிக்கு என்ன ஆயிற்றோ. கேட்கலாமென்று வாயெடுத்தேன், அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "அண்ணன் எங்க" என்றாள். அடுக்களையில் காப்பி கலக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பெனிட்டாவிடம் சொல்கிறாள், "சீனி கூடுதல்னு அவங்கட்ட சொல்லு மக்ளே." அவங்க. நான் அவங்க ஆகிவிட்டேன். எட்டி என்பாள், லில்லி என்பாள், கோபம் வந்தால் பொறந்ததுக்கு நாலு மாசம் சீனியாரிட்டியா என்பாள். அவங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் திரும்பிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். அதற்கு அழுதால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஷெரின்தான் என் பக்கத்தில் வந்து இன்னொரு கத்தியை எடுத்தாள். "பெரியம்மா, ஒண்ணு சொல்லட்டா. நீங்க அன்னைக்கு சொன்னதுல எனக்கு லாபந்தான். இருபத்தாறு பேருக்கு நான் தனித்தனியா போன் பண்ணி சொல்ல வேண்டிய வேலை மிச்சம்." நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கம்மாக்கு?" என்றேன். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொண்டே, "அம்மாக்கு நான் பிரிஞ்சு வந்ததுல ஒண்ணுமில்ல. நீங்க சொன்னதுதான்" என்றாள். "சொல்லக்கூடாதுன்னு உங்ககிட்ட மட்டுந்தான சொல்லிச்சாம்." உங்ககிட்ட மட்டும். இந்த இரண்டு வார்த்தையையும் காலையிலிருந்து நெஞ்சில் வைத்துக்கொண்டு சோறு பரிமாறினேன், ஆண்டவரே, யாருக்கு ரெய்த்தா ஊற்றினேன் யாருக்கு ஊற்றவில்லை என்று தெரியாமல்.

ஏழு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள் போல. எண்ணிக்கை விட்டுப்போனது. இப்போது ஜெபிக்கிறது யார், சென்னை மருமகளா, அழகாகப் புத்தகத் தமிழில் ஜெபிக்கிறாள். சின்னப்பிள்ளையில் எங்களில் பெண்பிள்ளைகள் ஏழு பேர். எங்கள் அப்பாமார் ஒரே கடையில் ஒரே பீஸ் துணி எடுத்து ஏழு கவுன் தைத்துவிடுவார்கள், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஏழு பேரும் ஒரே பூக்கவுன் போட்டுக்கொண்டு வரிசையாகக் கோயிலுக்குள் நுழைந்தால் பையன்கள் "பேண்ட் செட் வந்துட்டு" என்பார்கள். மஞ்சளில் பச்சைப்பூ ஒரு வருஷம். துணி போதாமல் வயலட்டின் கவுனுக்கு முதுகில் வேறே துண்டு ஒட்டுப்போட்டிருந்தது. அவள் ஆராதனை முழுக்கச் சுவரில் சாய்ந்தே நின்றாள், நற்கருணைக்கு எல்லாரும் முன்னே போகும்போது நான் அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன். "மூச்சு விடாதட்டி, கூசுது" என்றாள். அவள் கழுத்தில் பவுடரும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம். அந்த வருஷமா அதற்கடுத்த வருஷமா, எனக்குப் பன்னிரண்டு வயது, கீழே ஹாலில் எல்லாரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருந்தோம். விடியக்காலம் விழித்துப் பார்த்தால் என் பாய் நனைந்திருக்கிறது. பன்னிரண்டு வயதில். பெரியண்ணன்மார் அந்தப் பக்கம் எழுந்து பல்தேய்த்துக்கொண்டிருந்தார்கள், பகல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, நான் போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டு செத்துப்போனால் போதும் என்று படுத்திருந்தேன். வயலட் எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள். தலைமாட்டில் இருந்த செம்புத் தண்ணீரை எடுத்து அப்படியே என் மேலும் பாய் மேலும் கவிழ்த்துவிட்டு, "ஐயோ, தட்டிட்டேன்" என்று சத்தம் போட்டாள். சித்தி வந்து அவள் முதுகில் இரண்டு வைத்தாள். "கண்ணு எங்கட்டி வச்சிருக்க, கிறிஸ்துமஸும் அதுவுமா." அவள் அழவுமில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஐம்பது வருஷமாகிறது. அவள் புருஷனுக்குக்கூட அது தெரியாமலே அவர் போய்ச்சேர்ந்தார் என்று நான் எழுதிக் கொடுப்பேன். நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம், அவள் கையில் அப்படியொன்று இருந்தும் ஒருநாளும் அதை எடுக்கவில்லை. அவள் உம்மிடத்தில்கூட அதைச் சொல்லியிருக்க மாட்டாள், ஆண்டவரே.

நான் ஏன் சொன்னேன். ஒரு வருஷமாக இதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். பாரம் தாங்காமல் சொன்னேன், பிள்ளைமேல் உள்ள உருக்கத்தில் சொன்னேன், பத்துப்பேர் சேர்ந்து ஜெபித்தால் நல்லதுதானே. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் கேட்டவர்களுக்கும் இதையே சொன்னேன், அவர்களும் தலையாட்டினார்கள். அங்கே நாங்கள் எல்லாருமே அப்படித்தான். ஒருத்தி வீட்டில் பையன் குடிக்கிறானென்றால் ஜெபக்குறிப்பு என்று பேர் வைத்து முப்பது பேருக்குத் தெரிந்துவிடும். ஆனால் இப்போது, இமைக்குள் வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறபோது, அந்த நிமிஷம் எனக்குத் தெளிவாக ஞாபகம் வருகிறது. வர வேண்டாமென்று எத்தனை தடவை தள்ளினேன். ஷெரின் என்கிற பேர் வாய்க்கு வந்ததும் எனக்கு உள்ளே ஒரு சின்ன சூடு ஏறியது. துக்கமில்லை அது. எனக்குத் தெரியும், உங்கள் யாருக்கும் தெரியாது, வயலட் என்னிடம் மட்டும்தான் சொன்னாள் என்கிற சூடு. அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். அது எல்லாருக்கும் தெரிய வேண்டுமென்று இருந்தது எனக்கு. ஷெரின் கதை தெரிய வேண்டுமென்று இல்லை. நான் வயலட்டுக்கு யார் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பட்டணத்திலிருந்து படித்த மருமக்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிற வட்டத்தில் பத்தாவது தாண்டாத எனக்கு அது ஒன்றுதான் பெருமையாக இருந்தது. அதைக் காட்டினேன், காட்டின கையோடு அது போய்விட்டது. இதைத்தான் சொல்லாமல் ஒரு வருஷம் உம்மிடம் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னியும் என்று தினமும் கேட்டேன், எதை என்று சொல்லவில்லை. அவளுக்கு இது தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியாமல் எனக்குள் எது இருந்திருக்கிறது. அறுபத்தொன்று ஆகிவிட்டது இரண்டு பேருக்கும், முட்டி போய்விட்டது, ஆட்டோவிலிருந்து பக்கவாட்டில் இறங்குகிறாள், இன்னும் எத்தனை டிசம்பர். போன் வந்து, வயலட் போய்விட்டாள் என்று யாராவது, வேண்டாம், வேண்டாம், இந்த நினைப்பை எடுத்துவிடும்.

கீழே பால் பொங்குகிற வாசம். நாற்காலி கிரீச்சென்கிறது. "டீக்குப் பால் வச்சேன், மறந்தே போச்சு" என்று ஹெலன் மதினி கிசுகிசுத்துவிட்டு எழுந்து போகிறாள், அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்குகிறது. என் வலது பக்கம் காலி. காற்று நேராக வருகிறது, காற்றோடு தைல வாசம், முட்டியில் தேய்க்கிற தைலம். சங்கிலி அறக்கூடாது. இனி என் வலது பக்கத்தில் வயலட். இடது பக்கம் பெனிட்டா ஜெபிக்கிறாள், தன் பக்கத்திலிருக்கிற ஷெரினுக்காக. "ஷெரினுக்கு இந்த வருஷம் ஸ்கூட்டி ஓட்ட தைரியம் கொடும், ரோட்டுல போறவங்களுக்கும் பாதுகாப்பு கொடும்." பின்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது. ஒரே சால்வையை இரண்டு பேரும் மடியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், போன வருஷம் நான் உடைத்ததை அடுத்த மாசமே போனில் பேசி ஒட்டிக்கொண்டார்கள். இப்போது ஷெரின் தொண்டையைச் செருமுகிறாள். எனக்காக. "ஆண்டவரே, லில்லி பெரியம்மாவுக்கு சுகர் குறையணும். அவங்க அரிசி டப்பாக்குள்ள முந்திரிக்கொத்து ஒளிச்சு வச்சிருக்கிறதை மன்னியும். இன்னைக்கு காலையில மட்டும் நாலு தின்னாங்க, நான் எண்ணினேன்." வட்டம் முழுவதும் சிரிப்பு. அண்ணன் சிரிப்பை அடக்கி இருமுகிறார். என் காது சுடுகிறது, நானும் சிரிக்கிறேன். ஆனால் என் காது ஒரு சிரிப்பைத்தான் தேடுகிறது. வலது பக்கத்திலிருந்து மூக்கு வழியாக ஒரு மூச்சு மட்டும் வந்தது. சிரிப்பா, பெருமூச்சா. "பெரியம்மாவை எங்களுக்கு இன்னும் ரொம்ப நாள் தாரும், ஆமென்" என்று ஷெரின் முடித்துவிட்டாள்.

என் முறை. அன்பின் பரலோகப் பிதாவே என்று ஆரம்பித்துவிட்டேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எல்லாரும் அடங்கிவிட்டார்கள். குழந்தைகள்கூட. போன வருஷம் ஞாபகம் வந்திருக்கும். வயலட்டின் நாற்காலி அசையவில்லை, மூச்சும் கேட்கவில்லை. அடி விழப்போகிறதென்று தெரிந்தவள் மாதிரி இருக்கிறாள். நான் தேடுகிறேன். அவள் முட்டியைச் சுகமாக்கும் என்று சொல்லலாமா, அவள் முட்டியைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருக்கிறாளா. கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிற வீட்டை ஆசீர்வதியும் என்றால் ஏன் அங்கே இருக்கிறாளென்று ஒரு கண் திறக்கும். தூக்கம் கொடும் என்றால் தூங்குவதில்லையா. சமாதானம் கொடும் என்றால் என்ன சமாதானக் குறைவு. எதைச் சொன்னாலும் அதில் அவள் வீட்டுக் கதவு கொஞ்சம் திறக்கிறது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாமே அவள் எனக்குக் கொடுத்தது, எனக்கென்று அதில் ஒன்றுமில்லை. கண்ணீர் வருகிறது. கண்ணீர் வந்தால் வாய் திறக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். யாரோ எனக்கு மயக்கமென்று நினைத்து, "பெனிட்டா, அம்மாவைப் பாரு" என்றார்கள். நான் சொன்னேன், "ஆண்டவரே, வயலட்டை உமக்குத் தெரியும். ஆமென்."

ஆமென் என்றார்கள் எல்லாரும், கொஞ்சம் பிந்தி, ஒவ்வொருத்தராக. அவள் ஆரம்பிக்கவில்லை. காலி நாற்காலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற அளவில், ஒரு குரல். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை நான். திறந்தால் அவள் முகத்தில் என்ன இருக்குமோ. வளையல் சத்தம், சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போடுகிறாள். அவளுக்கு வலது பக்கம் இருப்பது என் வீட்டுக்காரர்; பிரியாணிக்குப் பிறகு நாற்காலியிலேயே தூங்கிப்போனவர், குறட்டை இங்கே கேட்கிறது. வயலட் தொண்டையைச் செருமினாள். "அன்பின் பிதாவே," என்கிறாள், "லில்லி வீட்டு அத்தானுக்காக வாறேன். அவருக்கு இப்பவே நல்ல நித்திரை கொடுத்திருக்கீர், அதுக்கு ஸ்தோத்திரம்." பிள்ளைகள் மறுபடி சிரிக்கிறார்கள். அவள் சிரிக்காமல் மேலே போகிறாள், அவருடைய பிரஷரை, அவருடைய கண் ஆபரேஷனை, எங்கள் வீட்டுப் பின்சுவர் மழையில் ஊறுகிறதை, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகளாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வைக்கிறாள். லில்லி என்றாள். இந்த வருஷத்தில் இப்போதுதான். ஆண்டவரே, அவள் ஆமென் சொல்ல அவசரப்படாதபடி பாரும். இன்னும் கொஞ்ச நேரம் அவள் பேசட்டும்.